ஆள் நடக்க வழி

— மவுஸ்லேருந்து கையை எடுங்க. மூடி போடற மெஷினை நான்தான் திருப்புவேன்.

— திருப்பு தாயே. பாட்டில் முட்டிக்கிட்டு நின்னா என்னைச் சொல்லக்கூடாது.

— நிக்காதுங்க. ரொம்புது, மூடி விழுது, பெட்டிக்குள்ள போகுது. ஓடுது பாருங்க.

— அடி சக்கை. பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும். இன்னிக்கு விளையாட்டுல எத்தனாவது இடம்?

— ரெண்டாவது. மறுபடியும் அந்த 'கிழட்டுச்சிங்கம்'தான் மேல. தினம் என் உயிரை வாங்குது இந்த ஆளு.

— 'சுண்டெலி'ன்னு பேர் வெச்சுக்கிட்டு சிங்கத்தோட மோதினா வேற என்ன ஆகும்?

— அப்பா கூப்பிடற பேருங்க அது. நம்ம கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவர் பேசறதே இல்லையே. விளையாட்டுலயாவது இருக்கட்டும்னு வெச்சேன்.

— சரி, மூஞ்சியைத் தொங்கப்போடாதே. அவன் போட்ட லைனைத் திற. காப்பியடிச்சாவது ஜெயிப்போம்.

— இருங்க, இது என்ன கூத்து? நடுவுல ரெண்டு கட்டம் அகலத்துக்கு, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் காலியா விட்டிருக்கார்.

— பாத்தியா, பெல்ட்டெல்லாம் அதுக்கு மேல பாலம் போட்டுத் தாண்டுது. லூசா அவன்? நாம காப்பியடிச்சு அதை மட்டும் மூடினா பெல்ட் குறையும், வேகம் கூடும், நாமதான் முதல் இடம். மூடு, மூடு.

— மூட மாட்டேன். இது ஆள் நடக்கற வழி.

— ஆளே இல்லாத ஃபேக்டரியில யாரு நடக்கறது?

— எங்கப்பா பாட்டில் கம்பெனி சூப்பர்வைசர்ங்க. லைனுக்கு நடுவுல காலிப் பெட்டி கிடந்தாலே எகிறுவார். வீட்டுல நாற்காலி தள்ளிக் கிடந்தாலும், 'ஆள் வர வழி வேணாமா'ம்பார்.

— உங்கப்பா எங்க, கம்ப்யூட்டர் எங்க?

— வீட்டை விட்டுக் கிளம்பற அன்னிக்கு என் லேப்டாப்பை அங்கயே விட்டுட்டு வந்தேனே. இந்த விளையாட்டும் அதுலதான் இருந்துது.

— அடக் கடவுளே, மாமனாரையா லூசுன்னேன். உடனே கேளு. கீழ எழுதற இடம் இருக்கே.

— நீங்களே அடிங்க. 'நடுவுல எதுக்கு வழி'ன்னு மட்டும்.

— அடிச்சாச்சு. ஏய், பதில் வந்துடுச்சு.

— படிங்களேன். எனக்குக் கண்ணு மறைக்குது.

— 'நீ வர்றதுக்குத்தான், சுண்டெலி. ரெண்டு பேரா வந்தாலும் இடிக்காது.'