பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் பத்தொன்பது குழாய்கள்

என் கையெழுத்து பொடியாக இருந்தாலும் தெளிவாக இருக்கும். முப்பத்தொரு வருடம் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்த்தவள் நான். அங்கே குழாயில் எதைப் போட்டாலும் மூடுவதற்கு முன் தேதியும் பேரும் எழுதியாக வேண்டும். எழுதாத குழாய் குப்பைக்குப் போகும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அதனால், இன்ஸ்பெக்டர், உங்களுக்கு வேலை சுலபமாயிற்று. குளிர்பெட்டியில் இருந்த குழாய்களில் என் தங்கையின் பேரைச் சிரமமில்லாமல் படித்திருப்பீர்கள்.

செல் வளர்ப்பதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. வேளை தவறாமல் ஊட்டம் மாற்ற வேண்டும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், ஐம்பது தடவை போல ஆனதும் நின்றுவிடும். சாகாது. பருத்துப் படர்ந்து அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரு சாயம் ஊற்றினால் அவை மட்டும் நீலமாகும். எங்கள் கூடத்தில் அவற்றுக்குப் ‘பெருசுங்க’ என்று பேர். எனக்கும் அதே பேர்தான். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஓய்வு பெற்ற வாரம், நின்றுபோன செல்களைத் துடைக்க மருந்து தேடிக்கொண்டிருந்த எங்கள் கூடத்து டாக்டரிடம் கேட்டேன்.

“அதுங்க பாட்டுக்கு ஓரமா இருக்குதுங்க. எதுக்கு சார் வெரட்டணும்?”

“நின்னது நல்லதுக்குத்தாம்மா. நிக்காம பெருகினா புத்துநோய். ஆனா நின்னதும் எடத்தக் காலி பண்ணணுமில்ல? உக்காந்துகிட்டு எதையாவது கக்கிக்கிட்டே இருக்கும். பக்கத்துல இருக்கறதும் சேந்து கெட்டுப்போகும்.”

“பெருசுங்கன்னாலே அப்படித்தான் சார்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த சில மாதங்களில் என் வீட்டில் பேசியது ரேடியோ ஒன்றுதான். அப்போதுதான் தங்கை வந்தாள். அவள் கணவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று, மகள் வேறு ஊரில். தங்கைக்குக் குடலில் கட்டி. ஆஸ்பத்திரி என் வீட்டுக்குப் பக்கம் என்பதால் வந்தாள். அவள் வாந்தியைக் கழுவினேன், கால் பிடித்துவிட்டேன். அவளுக்கு முடி கொட்டியபோது நானும் ஒட்ட வெட்டிக்கொண்டேன். கண்ணாடியில் இரண்டு பேரையும் பார்த்து, “ரெண்டு சட்டியக் கவுத்து வச்ச மாதிரி இருக்கோம்க்கா,” என்றாள். அவ்வளவு நல்ல நாட்கள் எனக்கு முன்னால் வாய்த்ததில்லை.

சிகிச்சையில் கட்டியின் செல்கள் முழுக்கச் சாகவில்லை, பாதி நின்றுபோயிருந்தன. நின்றவை என்றைக்காவது முழித்துக்கொள்ளும், அதற்குள் துடைத்துவிட வேண்டும் என்று சோதனையில் இருந்த ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். வாரம் ஒரு கேப்ஸ்யூல். எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. ஆறாவது வாரம் அவள் கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறினாள்.

“அக்கா, ஒனக்கு எதுக்கு இனிமே தொந்தரவு? நான் மக வீட்டோட போயிடறேன்.”

“தொந்தரவுன்னு நான் சொன்னேனாடி?”

“நீ எங்க வாயத் தொறந்த? கூடத்துல அந்தச் செல்லுங்ககிட்ட பேசின அளவுக்குக்கூட எங்கிட்ட பேச மாட்ட.”

ஏழாவது வாரத்திலிருந்து கேப்ஸ்யூலைப் பிரித்து, பொடியைக் குழாயில் கொட்டிவிட்டு, சோள மாவை அடைத்துக் கொடுத்தேன். பழகின வேலைதான். கெடுதலாக எதையும் நான் கொடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரமாக உட்கார்ந்திருந்தவற்றை உட்கார விட்டேன், அவ்வளவுதான்.

குழாய்களை வரிசையாக வைத்துப் பார்த்தீர்களானால், பதினான்காவது குழாயின் தேதிக்கு மறுநாள் ஸ்கேன். ஈரலில் மூன்று புள்ளிகள். அதற்குப் பிறகும் ஐந்து குழாய்கள் இருக்கின்றனவே என்று கேட்கிறீர்கள். இருக்கின்றன. ஸ்கேன் பார்த்த அன்று அவள் மகளுக்குப் போன் போட்டு, “நான் வரலம்மா, பெரியம்மாகூடவே இருந்துக்கறேன்,” என்றாள். போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்?” என்றாள். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு மாவு அடைப்பதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அவள் போய் இன்றோடு நாற்பத்திரண்டு நாள். நான்தான் செய்தேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். குழாய்களில் தேதிக்குக் கீழே ‘பிறகு கொடுக்க’ என்று எழுதியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டைப் பூட்டும்போது அந்தக் குளிர்பெட்டியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அவளுக்குக் கொடுக்க வேண்டிய மருந்து, கெட்டுப்போகும்.