பலகை கழற்றிய சுவர்

கண்ணாடி உடைகிறது. முதலில் ஒரு டொக். பிறகு சலசலவென்று முழு ஜன்னலும். 1987. நியூ ஜெர்சி. இலையுதிர் காலம். கிளினிக்கில் மாலை நேர நோயாளிகள்.

"ஜன்னலடியில நிக்காதைங்கோ! எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ!" என் கணவர் சிவம் கத்துகிறார்.

பிரஷர் பார்க்க வந்த பங்கஜம் ஆன்டி மேசைக்கு அடியில். "டாக்டர், லைட்டை ஆஃப் பண்ணுங்க!"

அணைக்கிறேன். வெளியே சிரிப்பு. பொட்டுக்காரர்களே, உங்கள் நாட்டுக்கே போங்கள் என்கிறார்கள். எந்த நாட்டுக்கு என்றும் சொல்லித் தொலைத்திருக்கலாம். கார் போகிறது.

வாசலில் இரண்டு பெயர்ப்பலகைகள். ஒன்று என்னுடையது. மற்றது டாக்டர் லேவியுடையது. கிளினிக் அவருடையது. வியன்னாவிலிருந்து துரத்தப்பட்ட யூதர். எழுபது தாண்டியும் தையல் போடும்போது கை நடுங்காது.

சிவம் ஸ்குரூடிரைவர் எடுத்தார். இரண்டையும் கழற்றினார். நான் தடுக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த தற்காப்பு அது ஒன்றுதான்.

1983 ஜூலை. கொழும்பு, வெள்ளவத்தை. டயர் எரியும் நாற்றம். கும்பல் வருகிறது என்றதும் அப்பாவின் டிஸ்பென்சரிப் பலகையைக் கழற்றினோம். பலகை இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தது. வந்தவர்களுக்கு அதுவே போதும். அன்றைக்குத் தமிழன்தான் பலகையைக் கழற்றுவான். சேலைன் ஏறும் நோயாளியை விட்டு வரமாட்டேன் என்று அப்பா உள்ளே நின்றுவிட்டார். நோயாளி சிங்களவர். அவர் பிழைத்தார்.

மறுநாள் காலை டாக்டர் லேவி வந்தார். சுவரைப் பார்த்தார்.

"என்னுடையதை ஏன் தொட்டீர்கள்?" குரல் உயரவில்லை. "1938இல் யூத டாக்டர்கள் பலகையைக் கழற்ற வேண்டும் என்று நாஜிகளின் உத்தரவு வந்தது. நானே கழற்றினேன். போர் முடிந்து திரும்பிப் போனேன். அதே ஓட்டைகளில் இன்னொரு டாக்டரின் பலகை. என் வகுப்புத் தோழன். காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டான்."

டெக்சாஸுக்குப் போய்விடலாம் என்பது சிவத்தின் கட்சி. மறுபடியும் ஓடுவதா என்பது என் கோபம். வீட்டில் இரவு முழுக்க அதுதான் சண்டை. டாக்டர் லேவி ஸ்டூலில் ஏறித் தன் பலகையை மாட்டினார். கையை நீட்டினார். என்னுடையதைக் கொடுத்தேன்.

கார் வேகம் குறைகிறது. அதே சிரிப்பு.

"இறங்குங்கள், டாக்டர்!" என்று கத்துகிறேன்.

பேஸ்பால் மட்டை. எலும்பு முறியும் சத்தம் எனக்குத் தெரியும். இது அதுதான். டாக்டர் லேவியின் வலது மணிக்கட்டு.

பொலீஸ் வந்தது. பையன்களின் சேட்டை என்றது. சேட்டையாம். மீதி ஸ்குரூக்களை சிவமே முடுக்கினார். டெக்சாஸ் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

இழந்தவை. வியன்னாவில்: டாக்டர் லேவியின் தாய், இரண்டு தங்கைகள். கொழும்பில்: என் அப்பா. நியூ ஜெர்சியில்: பங்கஜம் ஆன்டி பிறகு வைக்கவே பயந்த நெற்றிப் பொட்டு, தையல் ஊசி பிடிக்க முடியாமல் போன ஒரு வலது கை. மூன்று ஊரிலும் பிடிபட்டவர்கள்: எனக்குத் தெரிந்து ஒருவருமில்லை.