மகிழ்நிலா சத்துமாவு

தென்னூரில் என் அலுவலகம் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இந்த வழக்கு வரும்வரை என்னைப் பற்றி யாரும் சொன்ன குறை அது ஒன்றுதான். பெயர் வெங்கட்ராகவன், வீடு ஸ்ரீரங்கம். கடைக்காரர்களுக்கு இணையதளம் அமைத்து, அதற்கான முகவரியையும் வணிகச்சின்னத்தையும் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். மகிழ்நிலா என்ற இணைய முகவரி யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்லப்போகும் நடுவர் நீங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார் என் வக்கீல். அரைகுறையாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது, ஐயா.

ராசாத்தி திருவெள்ளறையிலிருந்து வந்தார். மகளுக்காக வீட்டில் சத்துமாவு அரைத்து, அதைக் காய்ச்சி ஊட்டுவதை வீடியோ எடுத்துத் தன் சமூக வலைதளப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டார்கள், பிறகு வெளியூரில் கேட்டார்கள், வியாபாரமாகிவிட்டது. குழந்தையின் பெயரே மாவுக்கும் பெயர், மகிழ்நிலா. இணைய முகவரி வாங்க ஒரு மின்னஞ்சல் வேண்டும் என்றேன்.

"உங்க பேர்லயே போட்டுடுங்க சார். மெயிலெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாது. நீங்க என்ன, ஓடியா போயிடப் போறீங்க?"

இதை நான் சொல்ல வைக்கவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள், கடைச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. முகவரியை என் பெயரில் வாங்கினேன். வணிகச்சின்னத்துக்கும் என் பெயரிலேயே விண்ணப்பித்தேன். இரண்டும் ஒரே கையில் இருந்தால் வேலை சுலபம். ஒரு பெயரை முதலில் பயன்படுத்தியவருக்கே உரிமை அதிகம் என்று சட்டம் சொல்வது எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

சான்றிதழ் வர ஒன்றரை வருஷம் பிடித்தது. அதற்குள் குழந்தை டெங்குவில் போய்விட்டாள். நாலு வயசு. மனசு கேட்கவில்லை, துக்கத்துக்கு நானும் போனேன். மாலை வாங்கிக்கொண்டுதான் போனேன்.

ராசாத்தி மாவு அரைப்பதை நிறுத்தவில்லை. ஒருநாள் காந்தி மார்க்கெட்டில் தானியம் வாங்க வந்த இடத்தில் அவருடைய போன் களவு போனது. அங்கிருந்து நேராக என்னிடம்தான் வந்தார்.

"புள்ள பேசுனது, சிரிச்சது எல்லாம் அதுலதான் சார் இருந்துச்சு. பேஜ்ல போட்டதாவது இருக்கே, அது போதும்."

மாடி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன்.

அடுத்த மாதம் தம்பி செந்தமிழனோடு வந்தார். இனி எல்லாவற்றையும் தம்பி பார்த்துக்கொள்வான், முகவரியைத் தங்கள் பெயருக்கு மாற்றித் தாருங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. அந்தப் பையன் என் நாற்காலியில் உட்கார்ந்து என்னிடமே பாஸ்வேர்டு கேட்டான். எனக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி. தளம் அமைத்த நாளிலிருந்து அந்த வீடியோக்களைத் தினமும் பார்த்து வந்தவன் நான். "போதும்மா, வயிறு சிரிக்குது" என்று குழந்தை தலையைத் திருப்பிக்கொள்வது எனக்கு மனப்பாடம்.

முறை என்று ஒன்று இருக்கிறது. என் சின்னத்தை வேறொருவர் பயன்படுத்துகிறார் என்று, அந்தப் பக்கத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். சான்றிதழை இணைத்தேன். பக்கத்தை மொத்தமாக நீக்கிவிட்டார்கள். வீடியோக்களும் போயின. போகும் என்று எனக்குத் தெரியும். யார் யாரோ குழந்தையைப் பார்த்துவிட்டு இஷ்டத்துக்கு ஏதேதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ராசாத்தி மறுபடி வந்தார், இந்த முறை தனியாக.

"பேரு, வெப்சைட்டு எல்லாம் நீங்களே வெச்சுக்குங்க சார். புள்ள குரல் மட்டும் எங்கயாச்சும் இருக்குமா? ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும்."

இல்லை என்றேன். இறங்கிப் போனவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கீழ்க்கடைப் பெண்கள் வந்து கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். அக்கா இப்போது யாரிடமும் பேசுவதில்லை, அடுப்பே பற்றவைப்பதில்லை என்று, அவர் சார்பில் மனுப் போட்ட செந்தமிழன் உங்களிடம் சொன்னான். உண்மையாகத்தான் இருக்கும்.

நான் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்தேனா என்பதுதான் உங்கள் முன் உள்ள கேள்வி. அந்தப் பெயரை விற்க வேண்டும் என்றோ, அந்தப் பெயரில் மாவு விற்க வேண்டும் என்றோ நான் ஒருநாளும் நினைத்ததில்லை. புகார் அனுப்புவதற்கு முன்னால், ஆதாரம் வேண்டுமே என்று எல்லா வீடியோக்களையும் ஒன்று விடாமல் இறக்கி வைத்துக்கொண்டேன். இதை நீங்கள் கேட்கவில்லை. அவர்களுடைய மனுவிலும் இல்லை, அவர்களுக்குத் தெரியாது. நானாகத்தான் சொல்கிறேன். எல்லாம் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் இருக்கிறது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. முதல் நாள் வீட்டில் ஒரு வீடியோவைப் போட்டபோது, அடுக்களையிலிருந்து என் மனைவி சுப்ரஜா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, யாராத்துக் கொழந்தை அது? என்ன அழகாப் பேசறது."

"நம்மாத்துக் கொழந்தைதான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் சேர்ந்துதான் பார்க்கிறோம். குழந்தை போதும் என்று தலையைத் திருப்பும்போது சுப்ரஜா, "இன்னும் ஒரு வாய்டி கண்ணு" என்கிறாள்.

பெயரை ராசாத்தியிடமே கொடுத்துவிடுங்கள், ஐயா. எனக்கு ஆட்சேபணை இல்லை. குழந்தை எங்களிடம் நன்றாகத்தான் இருக்கிறாள்.