மழைக்கால கோல்ஃப்

—ரெண்டு கண்ணையும் மூடிட்டா பந்து எப்படிங்க தெரியும்? இன்னைக்குச் சட்டம் ஒத்தைக் கண்ணு!

—ஒத்தைக் கண்ணை மட்டும் மூட வர மாட்டேங்குதுடி. மூஞ்சியே கோணிக்குது.

—அது எப்பவும் அப்படித்தான் இருக்கு. நேத்து மட்டைக்குப் பதிலா குடை, முந்தாநாள் இடது கை. தினம் ஒரு சட்டம்னு ஆரம்பிச்சதே நீங்கதான்.

—பின்ன? கோல்ஃப் மைதானம் குளமா கெடக்கு. தினமும் ஒரே மாதிரி அடிச்சா சோபாவுக்கே சலிச்சுடும்.

—சரி, இந்த மழைக்காலத்துக்கே இதான் கடைசிக் குழி. டம்ளரை ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்துல படுக்க வெச்சிருக்கேன். அடுப்புல பால் இருக்கு, நான் உள்ள போறேன். எத்தனை அடின்னு சத்தமாச் சொல்லுங்க. பந்தயம் ஞாபகம் இருக்குல்ல?

—அதை எங்க மறக்க விடுற நீ?

—மழைக்காலம் முடியறப்போ யாரு கணக்குல அடி அதிகமோ அவங்க தோத்தாங்க. நீங்க தோத்தா, கிளப்பு திறக்கிற முதல் ஞாயித்துக்கிழமையே என்னைக் கூட்டிட்டுப் போகணும்.

—நீ தோத்தா ஆயுசுக்கும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. பொண்டாட்டியைக் கூட்டிட்டு வர மாட்டேன்னு கூட்டாளிங்க முன்னாடி சவால் விட்டுத் தொலைச்சிருக்கேன். பந்தயம் கிந்தயம் இல்லாம நானா கூட்டிட்டுப் போனா கிழிச்சுத் தொங்க விட்ருவானுங்க.

—ஞாயித்துக்கிழமை வந்தா மட்டையைத் தூக்கிட்டுப் போயிடறீங்க. நாள் பூரா நான் சுவத்தோட பேசிட்டிருக்கேன். அழுகையா வருது, தெரியுமா?

—ஹ்ம்ஹ்ம்... ஹ்ம்ஹ்ம்...

—என்ன முழிக்கிறீங்க? செருமினது போதும், நான் பாலைப் பார்க்கப் போறேன், அடிங்க!

—ஹ்ம்ஹ்ம்... அட கஷ்டகாலமே! அஞ்சு! அஞ்சு அடிடி!

—அஞ்சா? அப்ப மொத்தக் கணக்குல நான் ஜெயிச்சுட்டேன்! இருங்க, யாரோ பெல் அடிக்கிறாங்க. அட, கீழ் வீட்டு நர்ஸா! வாம்மா.

—அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். நைட் ட்யூட்டி முடிச்சு வந்து பகல்லதான் தூங்கறேன். தலைக்கு மேல டொக்கு டொக்குன்னா எப்படிக்கா?

—மன்னிச்சுக்கோ தங்கச்சி. ஆட்டம் இன்னையோட முடிஞ்சது. நீ போய்த் தூங்கு, போ.

—ஏங்க வந்த புள்ளையை விரட்டறீங்க? உக்காரும்மா.

—தூக்கம் போனதுல நானும் எண்ண ஆரம்பிச்சுட்டேன்கா. அடிக்கறதுக்கு முன்னாடி சார் செருமுவாரு, அதை வெச்சு அவரு ஆட்டம்னு தெரிஞ்சுப்பேன். ஆனா அவர் கத்தற கணக்கும் எனக்குக் கேக்கற கணக்கும் ஒத்தே வரலை.

—தங்கச்சி, காபி குடிக்கிறியா? பால் பொங்குது பாரு!

—நீங்க வாயை மூடுங்க! நான் அந்தப் பக்கம் போனா போதும், இங்க கள்ளக்கணக்கு! அதுலயும் தோத்திருக்காரு பாரும்மா, இந்த மனுஷனை எதுல சேர்க்கறது? நீ சொல்லு, இப்ப எத்தனை அடியை முழுங்கினாரு?

—முழுங்கலைக்கா. மூணாவது அடிக்கே டம்ளர் கணீர்னுச்சு. ரெண்டு அடி சேர்த்துத்தான் கத்தினாரு. இந்த மழைக்காலம் பூரா அப்படித்தான்.