எழுபதுக்கு அறுபத்தெட்டு

காப்பி வேண்டாம், மேடம். மதியத்துக்கு மேல் குடித்தால் எனக்கு நெஞ்செரிச்சல் வந்துவிடும். நீங்கள் குடியுங்கள். விசாரணைக் குழு என்றதும் நாலு பேராவது இருப்பீர்கள் என்று நினைத்தேன். ஒருவர் என்றால் பேசச் சுலபம்.

என் வேலை அளப்பது. ஆண்களோடு உறவு வைத்திருக்கும் ஆண்கள் எச்.ஐ.வி.யைப் பற்றி நினைக்காமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதை அளந்தோம்; படிவத்தில் அதற்குத் 'தவிர்ப்பு' என்று பெயர். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி வீட்டில் ஆபீஸ். பதினான்கு வாக்கியங்கள் படித்துக் காட்டுவேன். 'அதைப் பற்றிப் பேச்சு வந்தால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன்', 'அந்த விளம்பரப் பலகை இருக்கும் பக்கம் பார்க்க மாட்டேன்' என்கிற மாதிரி. ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் சொல்ல வேண்டும். பிறகு ரத்தம் எடுப்போம். ஆறு மாதம் கழித்து அதே கேள்விகள் மறுபடியும்.

நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பாதிப் பேர் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள். அதையும் குறித்துக்கொள்வேன்.

ஜீவானந்தம் எழுபதுக்கு அறுபத்தெட்டு எடுத்தான். அவ்வளவு யாரும் எடுக்கவில்லை. பல்லாவரத்தில் தோல் கையுறை செய்யும் கம்பெனியில் கட்டிங் வேலை. இருபத்தெட்டு வயது. "இன்னா சார், இதையே கேட்டுகினு கீறீங்க? வேற கேள்வியே இல்லியா?" என்று சிரித்தான். சிரிப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன்.

பத்து நாளில் அவன் ரிசல்ட் ஒட்டிய உறையில் வந்தது. பாசிட்டிவ். ஒரு வாரத்துக்குள் அவனைக் கூப்பிட்டுச் சொல்லி, மாத்திரை ஆரம்பிக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. விதி எனக்குத் தெரியும். அதை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

நான் சொல்லவில்லை. சொன்னால் இரண்டாவது அளவு கெட்டுவிடும். அவனும் கேட்கவில்லை. கேட்காதவனிடம் போய்ச் சொல்வது மரியாதையாக இருக்காது என்றும் பட்டது.

மூன்றாம் மாதம் ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டான். ஆமாம், கேட்கவில்லை என்று இப்போதுதான் சொன்னேன். அதுவரை கேட்கவில்லை.

"சார், நம்ம ரிசல்ட் இன்னா ஆச்சு? இருமல் நிக்கவே மாட்டேங்குது. ஒரே பேஜாரா கீது."

"ஒண்ணும் இல்ல, ஜீவா. கிளியர். இருமலுக்கு டானிக் வாங்கிக் குடி."

"அப்பாடா. உங்க வாயால கேட்டா போதும் சார்."

ஐந்தாம் மாதம் காசநோய் மூளைக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தான். போய்விட்டான்.

அவன் அக்கா செல்வமேரி என்னைத் தேடி வந்தார். அவன் பையில் எங்கள் ஆபீஸ் சீட்டு இருந்திருக்கிறது. "ஆஸ்பத்திரில ரெண்டே நாள்ல கண்டுபுடிச்சிட்டாங்க சார். நீங்க அஞ்சு மாசம் முன்னாடியே ரத்தம் எடுத்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அவர் தம்பி உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ரிசல்ட்டைக் காட்டச் சொன்னார். உறையோடு எடுத்துக் கொடுத்தேன். அதுதான் உங்கள் மேஜையில் இருக்கிறது.

ரிசல்ட் வந்த அன்றே மாத்திரை ஆரம்பித்திருந்தால் பிழைத்திருப்பான். அதை எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் கோப்பில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. ஆய்வு தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே ஜீவாவை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டலூரில் ஒரு அறை எடுப்போம். ஆபீஸில் மட்டும்தான் என்னை சார் என்பான். ஆனால் உறையை மறைத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது முழுக்க ஆய்வுக்காகச் செய்தது.

நான் பரிசோதனை செய்துகொண்டேனா என்று கேட்கிறீர்கள். நேரம் அமையவில்லை. ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் வந்து போவதற்கே சரியாக இருக்கிறது. என் மனைவி சுப்ரஜாவுக்கும் இப்போது மூன்றாம் மாதம். அவளுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து மூன்று வாரமாகிறது. என் பையில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதைத் தவிர்ப்பு என்று எழுதிக்கொள்ளாதீர்கள், மேடம். அவளுக்கு ஊசி என்றால் பயம்.