சோலை வரியும் பஸ் காசும்

"நகரசபை வீட்டுக்குப் போடுற சோலை வரிக்குப் பயந்து டவுன் எல்லைக்கு அங்கால வீடு கட்டினோம். இப்ப அதே வரிய பஸ்ஸுக்குக் கட்டுறன்" என்று ஒரு குரல் கேட்டதும் நிமிர்ந்தேன்.

புத்தளத்திலிருந்து மதுரங்குளிக்குப் போகும் மாலை பஸ். முன் சீட்டில் பேசிய பெண் பிடவைக்கடையில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர். பக்கத்தில் இருந்த டவுன் பெண், அவர் வீட்டுக்கருகில் விலைக்கு வந்த காணியைப் பார்க்கப் போகிறாள்.

"அப்ப மிச்சமே இல்லையா, ராத்தா?"

"எங்க மிச்சம்? பஸ் காசு வரியையும் தாண்டிட்டு."

"டவுனுக்கே திரும்பி வரலாமே?"

"அவரும் அதத்தான் சொல்றார். நான்தான் ஏலாதெண்டுட்டன்."

"ஏன்?"

"கடையில முதலாளி கூப்பிடுவார். வீட்ட போனா மாமி, புள்ளைகள், அவர். இந்த பஸ்ஸில மட்டுந்தான் என்னை ஒருத்தரும் கூப்பிடுறதில்ல. ஏறினா, இறங்கிற வரைக்கும் சும்மா வெளிய பாத்துட்டு இருப்பன்."

டவுன் பெண்ணின் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள்.

"மாமி" என்றாள். பேசாமலே போனை உள்ளே வைத்தாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, அந்தக் காணிக்கு எங்க இறங்கணும்?"