கெண்டைக்காலில் ஒரு கை

விடிந்தும் விடியாத ஐந்து மணி. காட்டு ரோடு... எதிரே ஒரு சைக்கிள்கூட வரவில்லை. காரில் மூன்று பேர். என் நண்பன், அவன் அக்கா, அக்கா புருஷன். அத்தான் பல் டாக்டர். ஊரார் வாயில் இருக்கும் குகைகள் போதாதென்று, தண்ணீருக்கடியில் இருக்கும் குகைக்குள் நீந்தக் கிளம்பிய மகான்! சிரிக்காதீர்கள். வீட்டுக் குழாய் ஒழுகினால் மட்டும் ஆள் தேடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, உள்ளே அழகுதானாம். தண்ணீர் இருப்பதே தெரியாதாம். விளக்கடித்தால் அந்தரத்தில் பறக்கிற மாதிரி இருக்குமாம். அந்த ருசி கண்டவன் விடமாட்டான்.

உள்ளே ஓர் இடுக்கு. திரும்ப இடம் கிடையாது. முன்னால் நண்பன். பின்னால் அவன் கெண்டைக்காலைப் பிடித்தபடி அத்தான். தள்ளினால் முன்னே போ, இழுத்தால் பின்னே வா. அங்கே பேச்சு அவ்வளவுதான்.

யார் கால் பட்டதோ, அடியிலிருந்த சேறு கிளம்பியது. விளக்கு எரிந்தும் கும்மிருட்டு... பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

நம் வீரர் தனியாகக் கரையேறினார். அக்கா பதறிப்போய், "தம்பி எங்க?" என்றாள்.

"பின்னாடியே வரான்." பச்சைப் பொய்.

உள்ளே நண்பன் தன் மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தான். செத்தோம் என்றே நினைத்தான். அப்புறம்... கை வந்தது. அதே காலில். நிதானமாக, குகை வாசல் வரைக்கும் இழுத்து வந்தது.

கரையேறியதும் அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க இழுக்கலைன்னா நான் இல்ல அத்தான்."

மனுஷனுக்கு முகம் வெளுத்தது. தலைமுடிகூடக் காய்ந்துவிட்டிருந்தது அவருக்கு. ஆனாலும் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"உன்னை விட்டுட்டு வருவேனாடா?"

அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் மச்சினனைக் காப்பாற்றிய கதைதான். வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஒருநாள் மத்தியானம், கிளினிக். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். திடீரென்று சேற்று வாடை... டாக்டரின் பேன்ட்டில் கெண்டைக்கால் பக்கம் மட்டும் நனைந்திருந்தது. பின்னால் ஓர் எட்டு வைத்தார். இன்னோர் எட்டு. திரும்பாமலே, பின்பக்கமாகவே கதவைத் தாண்டிப் போனார்.

தேடிப் போனவர்களுக்கு அந்த இடுக்கில்தான் கிடைத்தார். வெள்ளைக் கோட்டோடு. முதுகில் மூச்சுக்காற்று சிலிண்டர் இல்லை. அது இல்லாமல் அவ்வளவு தூரம் எவனாலும் போக முடியாதாம்.

வலது கை முன்னால் நீண்டிருந்தது. ஐந்து விரலும் ஒரு கெண்டைக்காலின் பருமனுக்கு வளைந்து... முன்னால் ஆளில்லை. வெளியே எடுத்த பிறகும் விரல்களைப் பிரிக்க முடியவில்லையாம்.

இந்தத் தடவை விடவில்லை.